ரெண்டு பொட்டலம் பூ

ஜனவரி 8, திங்கள்

உரக்கடைக்காரரு வருசா வருசம் குடுக்கற டைரி. இத்தனை வருசமா இதுல நான் எழுதினதெல்லாம் துணி தெக்கக் குடுக்கறவங்களோட மார்புச் சுத்தளவு, கை நீளம், கழுத்து எறக்கம். இந்த வருசம் டாக்டரம்மா, "உடம்பு எப்படி இருக்குதுன்னு தெனம் ரெண்டு வரி எழுதி வெய்யுங்க கலாமணிம்மா"ன்னு சொல்லிப்போட்டாங்க. எழுதறேன். ஆனா இதைக் கொண்டுபோயி அவங்ககிட்டக் காட்டப் போறதில்ல.

இன்னைக்குக் கோயமுத்தூர் போனோம். ஸ்கேன் படத்தைப் பார்த்துட்டு டாக்டரம்மா மறுபடியும் மொதல்ல இருந்து பார்த்தாங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. துணியை வெட்டினப்புறம் அளவு தப்புன்னு தெரிஞ்சா நானும் அப்படித்தான் திரும்ப அளந்து பார்ப்பேன்.

ரெண்டு வருசமா முழுங்கிட்டு வந்த மாத்திரை இனிமே கேக்காதாம். எலும்போட நின்னிருந்தது ஈரலுக்கும் வந்துருச்சாம்.

"முழுசா எடுத்துப்போட முடியாதுன்னு முன்னாடியே பேசியிருக்கோம். ஆனா அடக்கி வெக்கலாம்"னாங்க. ஒரு வழி, வாரா வாரம் ட்ரிப். நாலு வருசத்துக்கு முந்தி ஆபரேசன் முடிஞ்சதும் போட்டாங்களே, அதேதான். முடி கொட்டும், விரல் மரத்துப்போகும். "போன தடவை விரல் திரும்ப சரியாச்சு. இந்தத் தடவை முழுசா திரும்பாமயும் போகலாம்"னாங்க. இன்னொரு வழி, வீட்லயே இருந்து முழுங்கற வேற மாத்திரை. முடி இருக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் செவந்து தோல் உரியும், வவுறு போகும், அதை அளவு கொறைச்சு சமாளிச்சுக்கலாம். விரல் அவ்வளவா மரக்காது.

"உங்களுக்கு எதை மொதல்ல குடுத்தாலும் ஆயுசுல பெரிய வித்தியாசம் வரும்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கற நாள் எப்படிப் போகுதுங்கறதுலதான் வித்தியாசம். ரெண்டும் வேண்டாம், வலி இல்லாமப் பார்த்துக்கிட்டாப் போதும்னாலும் அதுவும் ஒரு வழிதான். நீங்க என்ன நெனக்கறீங்க?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு, "எது பலமானதோ அதையே போட்ருங்க மேடம்"னுட்டாரு. ட்ரிப்புதான் பலமுன்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டாரு. பாட்டல், குழாய், கட்டிலு, நர்ஸு எல்லாம் இருந்தாத்தான் அவருக்கு வைத்தியம். டாக்டரம்மா என்னையப் பார்த்தாங்க. நான் ஃபேனைப் பார்த்தேன். வீட்டுக்குப் போயி யோசிச்சுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க.

திரும்பி வரும்போது பஸ்ஸு அன்னூர்ல நின்னுச்சு. இவரு எறங்கி ஓடிப்போயி உப்பு மொளகாப்பொடி போட்ட கொய்யாக்கா வாங்கிட்டு வந்தாரு. எனக்கு இப்ப மொளகா ஆகாதுன்னு அவருக்குத் தெரியும். மறந்துட்டாரு. துண்டுல தொடைச்சுத் தொடைச்சுக் குடுத்தாரு, தின்னேன்.

ஜனவரி 9, செவ்வாய்

ஆட்டி வெச்ச மாவு பொங்கி வழிஞ்சு அடுக்களைத் திட்டெல்லாம் ஓடிருச்சு. ரெண்டு பேரும் அதைப் பார்த்துட்டே நின்னோம்.

ஜனவரி 11, வியாழன்

பொங்க நோம்பி வருது, மெஷினு மேல துணி மலையாக் குமிஞ்சு கெடக்குது. நல்லது. கையில வேலை இருந்தா மண்டையில சனியன் ஏறாது.

மெர்சி டீச்சர் வந்தாங்க. போன ஐப்பசியில அவங்களுக்கும் என்னைய மாதிரியே மார்புல ஒரு பக்கம் எடுத்தாச்சு. ஸ்கூலுக்குத் திரும்பப் போகணும், ஜாக்கெட் வேணும்னாங்க. "பசங்க பார்ப்பாங்களேங்க்கா"ன்னு சொல்லிட்டுச் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கறாங்க. "டீச்சர், நான் தெச்சுக் குடுக்கற ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு நீங்க போர்டுல எழுதுங்க. எவன் கண்டுபிடிக்கறான்னு பார்த்துருவோம்"னேன். சிரிச்சாங்க.

இந்த மாதிரி ஜாக்கெட் தெக்கறது எனக்கு எப்படிப் பழக்கமாச்சுன்னு எழுதி வெக்கறேன். ஆபரேசன் முடிஞ்ச புதுசுல உள்ள பஞ்சு வெச்சுத் தெச்சுப் போட்டுக்கிட்டேன். பார்வைக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா தோள்பட்டை ஒரு பக்கமா இழுத்து இழுத்து வலி. எங்க வீட்டுக்காரரு லாரி எடை மேடையில வேலை. கரும்பு லோடும் வாழத்தார் லோடும் ஏத்தி எறக்கி எடை சீட்டுப் போடறவரு. ஒரு நாள் நான் நடக்கறதைப் பின்னாலிருந்து பார்த்துட்டு, "புள்ள, உனக்கு லோடு ஒரு பக்கமா சாஞ்சிருக்குது. பஞ்சுக்கு ஏது எடை?"ன்னாரு. அன்னைக்கே மளிகைக்கடைச் சின்னத் தராசை எரவல் வாங்கிட்டு வந்து, பஞ்சுக்குப் பதிலா கம்பு தானியத்தை நெரப்பிப் பையாத் தெக்கச் சொல்லி, கூட்டிக் கொறைச்சு, ரெண்டு தோளும் சமமா நிக்கற வரைக்கும் விடல. எனக்கு வெக்கமா வந்துச்சு, அந்த மனுஷன் ஏதோ வெல்ல மூட்டை எடை போடற மாதிரி மும்முரமா நின்னாரு. அதுலிருந்துதான் ஆஸ்பத்திரியில பழகின பொம்பளைங்க ஒவ்வொருத்தரா என்னையத் தேடி வர ஆரம்பிச்சாங்க.

அந்தப் பையை மெஷின்ல தெக்க முடியாது. கையிலதான் தெக்கோணும். உள்பக்கம் தழும்பு மேல உரசாம, நூல் முடிச்சு தோலுல படாம. கண்ணைவிட விரல்தான் அதுக்கு முக்கியம்.

ஜனவரி 13, சனி

தாரணி ஓசூர்ல இருந்து வீடியோ கால்ல வந்தா. என்ர மக பெரிய கம்பெனியில இருக்கறா, அதனால எதுக்கெடுத்தாலும் மீட்டிங் போட்டுருவா. "ட்ரிப்பே போட்டுக்கலாம்ப்பா"ங்கறா. "ஆமா கண்ணு, அதுதான் பலம்"ங்கறாரு அப்பா. லீவு எப்ப எடுக்கறது, கார் யாரோடது, ஆரஞ்சுப் பழம் குடுக்கலாமா கூடாதான்னு வரைக்கும் பேசி முடிச்சாச்சு. நான் பக்கத்துலயே உக்காந்து ஜாக்கெட்டுக்கு ஊக்கு கட்டிட்டு இருந்தேன். என்னைய ஒரு வார்த்தை கேக்கல.

"ஏனுங்க, உடம்பு என்னோடதா உங்களோடதா?"ன்னு கேட்டுப்போட்டேன். அப்பறம் அவரு மெதுவா, "உனக்கு என்ன வேணும்னு சொல்லு"ன்னாரு.

அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். மாத்திரைன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு மொகத்தைப் பார்த்தேன். நான் மாத்திரைன்னு சொல்லி, நாளைக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா, ட்ரிப் போட்டிருக்கலாமேன்னு இந்த மனுஷன் சாகற வரைக்கும் பொலம்பிட்டுத் திரிவாரு. "எனக்கென்ன தெரியும், நீங்களே பார்த்துச் சொல்லுங்க"ன்னுட்டேன். பொய்தான்.

சாயங்காலம் ருக்குமணி நங்கையா வந்தாங்க. இவரோட அக்கா. எங்க வீட்ல கல்யாணமோ, கெணறு வெட்டறதோ, ரெண்டு மனசா இருந்தா அவங்க ஒரே வழிதான் சொல்லுவாங்க. "எதுக்குப்பா இந்த ரோதனை? மாரியம்மங்கிட்டப் பூக் கேட்ருவோம். வெள்ளைப் பூ வந்தா ட்ரிப்பு. செவப்பு வந்தா மாத்திரை. ஆத்தா சொன்னா அப்பறம் மறுபேச்சு இல்ல."

இவரு டக்குனு நிமிர்ந்தாரு. "சரிக்கா. பொட்டலம் நானே கட்டறேன்"னாரு.

எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. என் வாயால சொல்ல வேண்டியதில்ல பாருங்க.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் கெழக்குப் பக்கம் பொங்குச்சு. இவரு அதையே ஒரு சாட்சி மாதிரி என்னையத் திரும்பிப் பார்த்தாரு. பேசாம வெறகைத் தள்ளி விடுங்கன்னேன்.

ஜனவரி 19, வெள்ளி

இன்னைக்கு நடந்ததை எழுதாம விட்டா எனக்கு வெடிச்சுரும். யாருகிட்டயும் சொல்லவும் முடியாது.

பூக் கேக்கறதுன்னா எங்க பக்கத்துல இப்படித்தான். வெள்ளைக்கு நந்தியாவட்டை, செவப்புக்கு அரளி. ரெண்டையும் தனித்தனியா வாழை எலையில மடிச்சு, நாருல கட்டி, பார்க்க ஒரே மாதிரி அம்மன் காலடியில வெச்சு, கும்புட்டு ஒண்ணை எடுக்கோணும். எடுத்ததைப் பிரிச்சுப் பார்க்கோணும். மத்ததைப் பிரிக்காம ஆத்துல விட்ரோணும். நந்தியாவட்டை எங்க கோயில் சுவரு ஓரத்துலயே பூத்துக் கொட்டுது, அரளி எங்க வீட்டுக்குப் பின்னாடி பொடக்காணியிலயே இருக்குது. பறிச்சாப் போதும்.

எங்க வீட்டுக்காரரு விடிஞ்சதும் பூ மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தாரு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும். பூ வாங்கியே பழக்கமில்லாத மனுஷன். பொட்டலத்தை உள்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுக் கட்டினாரு. என்னன்னு கேட்டதுக்கு, "எடை ஒண்ணா இருக்கோணுமில்ல"ன்னாரு. சரி, தொழில் புத்தின்னு விட்டுட்டேன்.

பூசாரி வெச்சுக் கும்புட்டுட்டு என்னைய எடுக்கச் சொன்னாரு. நான் குனிஞ்சு எடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கண்ணுல ஒத்தினேன்.

மல்லி.

சத்தியமங்கலத்துல பொறந்து வளர்ந்தவளுக்கு மல்லி மணம் தெரியாதா? மூக்கடைச்சிருந்தாலும் தெரியும். சரி, வெள்ளைப் பூவுக்கு மல்லி வெச்சிருக்காரு போல, இது ட்ரிப்புன்னு புரிஞ்சுபோச்சு. உடனே, கடவுளே என்னைய மன்னிச்சுக்க, அதைக் கீழ வெச்சுட்டு வலது பக்கத்தை எடுத்தேன். "தொட்டதை மாத்தக் கூடாது புள்ள!"ன்னு நங்கையா பின்னாடியிருந்து கத்தறாங்க. நான் அதுக்குள்ள அதையும் கண்ணுல ஒத்தியாச்சு.

அதுவும் மல்லி!

எனக்கு ஒரு நிமிசம் ஒண்ணும் ஓடல. திரும்பி அந்த மனுஷனைப் பார்த்தேன். தை மாசக் குளுருல நெத்தியெல்லாம் வேர்த்துக் கெடக்குது. கையைக் கும்புட்டபடி அம்மனைப் பார்க்காம என் கையையே பார்த்துட்டு இருக்கறாரு.

இவரு யாருன்னு தெரியோணும். எடை மேடையில இத்தனை வருசத்துல ஒரு கிலோ கூட்டிப் போட்டுச் சீட்டுக் குடுத்ததில்ல. மொதலாளி மச்சான் வந்து கெஞ்சினப்பவே, "முள்ளு காட்டறதைத்தான் எழுதுவேன்"னு தொரத்தி விட்டவரு. மளிகைக் கடையில பாக்கி எச்சாக் குடுத்துட்டா வேகு வேகுன்னு நடந்துபோயித் திருப்பிக் குடுத்துட்டு வருவாரு. அந்த ஆளு, சாமி முன்னாடி, ஊரு முன்னாடி, ரெண்டு பொட்டலத்துலயும் மல்லியை வெச்சுக் கட்டியிருக்கறாரு. அதுலயும் பாருங்க, திருட்டுத்தனம் பண்றவரு மணமில்லாத நந்தியாவட்டையை வெச்சுத் தொலைக்கக் கூடாதா? அம்மனுக்குப் போறது, ஒசத்தியா இருக்கட்டும்னு, குளுருல மல்லி கெடைக்காத மாசத்துல தேடிப்பிடிச்சு வாங்கியிருக்கறாரு. இந்த லட்சணத்துல ஏமாத்தறாராம்!

பிரிச்சேன். "வெள்ளை! ஆத்தா உத்தரவு குடுத்துட்டா!"ன்னு நங்கையா கொலவை போட்டாங்க. இன்னொரு பொட்டலத்தை யாரும் தொடறதுக்குள்ள இவரு லபக்குனு எடுத்துட்டு பவானி ஆத்துக்கு ஓடினாரு. செருப்புக்கூடப் போடாம ஓடினாரு.

நான் ஒண்ணும் சொல்லல. சண்டை போடத் தெம்பில்ல, அதான். வேற ஒண்ணுமில்ல.

அந்த மல்லியைத் தலையில வெச்சுக்கிட்டேன். எப்படியும் இந்த முடி கொஞ்ச நாளைக்குத்தானே.

ஜனவரி 29, திங்கள்

மொதல் ட்ரிப். ஊசி ஏத்தறதுக்கு நரம்பு சிக்கல, நர்ஸு புள்ளை பாவம் அழுதுரும் போல இருந்துச்சு. நான்தான் சமாதானம் சொன்னேன். இவரு பக்கத்துல உக்காந்து பாட்டல்ல சொட்டு எறங்கறதையே கண்ணு கொட்டாமப் பார்த்துட்டு இருந்தாரு. "ஏனுங்க, அது என்ன கரும்பு லோடா? நீங்க பார்த்தாலும் பாக்காட்டியும் எறங்கும்"னேன்.

பிப்ரவரி 14, புதன்

முடி கொத்துக் கொத்தா வந்துச்சு. சீப்பைத் தூக்கி வீசிட்டு, "எடுத்துப்போடுங்க"ன்னேன். பொடக்காணியில ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு, அவரே சவரம் பண்ற மெஷினை வெச்சு எடுத்தாரு. காதுக்கிட்ட வரும்போது மூச்சைப் பிடிச்சுக்கிட்டாரு. முடிஞ்சதும் மண்டையைத் தடவிப் பார்த்துட்டு, "பழனிக்குப் போயிட்டு வந்த மாதிரி நல்லாத்தான் இருக்கறே"ன்னாரு. ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

அப்பறம் மொகம் கழுவப் போனவரு வர ரொம்ப நேரம் ஆச்சு.

பிப்ரவரி 23, வெள்ளி

இவரு காப்பியை விட்டுட்டாரு. என்னன்னு கேட்டா வேண்டுதலுங்கறாரு. தெனம் வேலைக்குப் போகும்போது மாரியம்மன் கோயில்ல தோப்புக்கரணம் போடறாராம், நங்கையா வந்து பெருமையாச் சொல்றாங்க. "உன் மேல எவ்வளவு பாசம் பாரு"ன்னாங்க.

"ஏதாவது தப்பு பண்ணியிருப்பாரு, நல்லா வெசாரிங்க"ன்னேன். அவருக்குச் சோறு பொரை ஏறிருச்சு.

மார்ச் 4, திங்கள்

விரல் நுனியெல்லாம் காகிதம் ஒட்டின மாதிரி இருக்குது. ஊசியில நூல் கோக்க முடியல. நான் சொல்லவே இல்ல, அவரே பார்த்துட்டாரு. இப்பத் தெனம் காலையில கண்ணாடியை மூக்கு நுனியில மாட்டிக்கிட்டு, ஒரு வரிசை ஊசிக்கு நூல் கோத்துத் தலகாணியில குத்தி வெச்சுட்டுத்தான் எடை மேடைக்குப் போறாரு. செவப்பு நூலையும் அரக்கு நூலையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியல. நானும் சொல்றதில்ல. அந்தி சாயறதுக்குள்ள ஊசி தீந்துபோச்சுன்னா அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

மார்ச் 13, புதன்

மெர்சி டீச்சர் ஜாக்கெட்டு இன்னும் முடியல. பை தெக்கறேன், பிரிக்கறேன், தெக்கறேன், பிரிக்கறேன். தையல் எங்க போகுதுன்னு விரலுக்குத் தெரிய மாட்டேங்குது. டீச்சர் போன் பண்ணி, "அவசரமில்லீங்க்கா"ன்னாங்க. அவங்க இன்னும் லீவுலதான் இருக்கறாங்க. அவசரமில்லாம என்ன?

மத்தியானம் சோத்துக்கு வந்தவரு என் பக்கத்துல வந்து நின்னாரு. "புள்ள, ரத்தம்"னாரு. குனிஞ்சு பார்த்தா வெள்ளை லைனிங் துணி நெடுக செவப்புச் செவப்பாப் பொட்டு. ஊசி கட்டை விரலுல ஏறி நிக்குது. எப்ப குத்துச்சுன்னே எனக்குத் தெரியல.

அவரு ஊசியை எடுத்தாரு. விரலைத் தண்ணிக்குழாயில காட்டினாரு. "வலிக்குதா?"ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். "கொஞ்சங்கூடவா?"ன்னாரு. இல்லைன்னேன். அந்த விரலைப் பிடிச்சபடியே நின்னுட்டாரு, தண்ணி பாட்டுக்கு ஓடுது.

"கலாமணி, நான் ஒண்ணு பண்ணிப்போட்டேன்"னு ஆரம்பிச்சாரு.

"குழாயை மூடுங்க. சோறு ஆறுது"ன்னேன்.

சொல்ல விட்டிருக்கலாம். ஆனா அவரு சொல்லி அழுதா நானும் அழுவேன். ரெண்டு பேரும் அழுதா சோத்தை யாரு போடறது?

மார்ச் 25, திங்கள்

ஸ்கேன் வந்துருச்சு. புதுசா எதுவும் இல்ல. ஈரல்ல இருந்தது கொஞ்சம் சுருங்கியிருக்குதாம்! இவரு ஆஸ்பத்திரி வராண்டாவுலயே சாஷ்டாங்கமா விழுந்து கும்புடாத கொறைதான்.

டாக்டரம்மா என் கையை வாங்கி விரல் விரலா அமுக்கிப் பார்த்தாங்க. இவரு சட்டைப் பட்டனைக் கழட்டிப் போடச் சொன்னாங்க. போட்டேன், ரொம்ப நேரம் ஆச்சு. "மருந்து கேட்டிருக்குது. ஆனா விரல் இந்த அளவுக்குப் போனப்புறம் இப்படியே ஏத்தக் கூடாது. அளவைக் கொறைச்சு ட்ரிப்பையே தொடரலாம், விரல் இதுக்கு மேலயும் போக வாய்ப்பிருக்குது. இல்ல, மாத்திரைக்கு மாறலாம். மாத்திரை உங்களுக்கு எவ்வளவு நாள் கேக்கும்னு எனக்கும் முன்கூட்டிச் சொல்லத் தெரியாது. வெள்ளிக்கெழம சொல்லுங்க"ன்னாங்க.

பஸ்ல இவரு ஜன்னல் பக்கம் உக்காந்து வழி நெடுக விரல் விட்டு எதையோ கணக்குப் போட்டுட்டே வந்தாரு. வீட்டுக்கு வந்தா நங்கையா வாசல்ல நிக்கறாங்க. "இதுல யோசிக்க என்ன இருக்குது? மறுபடியும் பூக் கேட்ருவோம்."

"வேண்டாங்க்கா"ன்னாரு இவரு.

"கேக்கலாமுங்க நங்கையா. ஆனா இந்தத் தடவை பொட்டலம் நான் கட்டறேன்"னேன்.

மார்ச் 28, வியாழன்

நங்கையா நாளைக்குத்தான் வர்றாங்க. நான் இன்னைக்கே முடிச்சுட்டேன்.

காலையில அவரு ஊசிக்கு நூல் கோத்துட்டு இருந்தப்ப பொடக்காணிக்குப் போயிப் பூப் பறிச்சேன். எலையை மடிச்சு நாரைச் சுத்தறதுக்குள்ள உசுரு போயிருச்சு. விரல் நிக்காம நாரு நழுவுது. பல்லுல கடிச்சு ஒரு வழியாக் கட்டினேன். ரெண்டு பொட்டலமும் கொழந்தை கட்டின மாதிரி கோணல் மாணலா இருந்துச்சு. கொண்டுபோயி அவரு முன்னாடி வெச்சேன்.

"எடுங்க"ன்னேன்.

"இங்கயா? கோயில்ல..."

"இங்கதான். இது அம்மனுக்கு இல்ல, உங்களுக்கு."

கண்ணாடியைக் கழட்டி வேட்டியில தொடைச்சுப் போட்டுக்கிட்டாரு. ஒண்ணை எடுத்துப் பிரிச்சாரு. செவப்பரளி. அதையே பார்த்துட்டு இருந்தாரு.

"சரி புள்ள. மாத்திரைதான். அம்மன் வாக்கு"ன்னாரு. ஒரு மறுபேச்சு இல்ல. ஈரல்ல சுருங்கியிருக்குதுன்னு கேட்டு அன்னைக்கு அப்படித் துள்ளின மனுஷன்.

"இன்னொண்ணையும் பிரிங்க."

"அதைப் பிரிக்கக் கூடாது. ஆத்துல விடோணும்."

"நீங்க ஓடிப்போயி விட்டீங்களே அந்த மாதிரியா? பிரிங்க"ன்னேன்.

பிரிச்சாரு. அதுலயும் செவப்பரளி.

முழுசாப் புரியறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. ரெண்டு எலையையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. அப்பறம் என்னையப் பார்த்தாரு. காதெல்லாம் செவந்துபோச்சு.

"உனக்குத் தெரியுமா?"

"மல்லி மணக்குமுங்க"ன்னேன்.

தலையில கையை வெச்சுக்கிட்டாரு. "அய்யோ, அது எனக்குத் தோணவே இல்லையே!"ன்னாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அத்தனை நாளு அடக்கி வெச்சிருந்தது, வவுத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அவரு சிரிக்கல.

"தெரிஞ்சும் ஏன் புள்ள எடுத்தே? அங்கயே என் மொகத்துல வீசியிருக்கலாமில்ல? உன் விரலு போச்சே. நான்தானே போக்கினேன்."

"நான் சாகக் கூடாதுன்னு நீங்க சாமியையே ஏமாத்தத் துணிஞ்சீங்க. ஒரு கிலோ தப்பு எழுதாத மனுஷன். அப்படி ஒருத்தரு கேட்டா, எப்படிங்க இல்லைங்கறது? இந்த ரெண்டு மாசம் உங்களுக்குக் குடுத்தேன். உங்களுக்காக ட்ரிப்பு போட்டாச்சு, அதுவும் கொஞ்சம் கேட்டுருச்சு. நாளைக்கு என்ன ஆனாலும், போடாம விட்டுட்டோமேன்னு நீங்க பொலம்ப வேண்டியதில்ல. இனிமே இருக்கற நாளு எனக்கு. எனக்கு என் விரலு வேணும். மெர்சி டீச்சரை ஸ்கூலுக்கு அனுப்போணும். உங்க சட்டைக்கு நான்தான் பட்டன் தெக்கோணும்."

அப்பத்தான் அழுதாரு. நூல் கோத்த ஊசிகளை எல்லாம் அக்கட்டால தள்ளி வெச்சுட்டு, மெஷினு மேல தலையைக் கவுத்துக்கிட்டு அழுதாரு. "நீயில்லாம எனக்கு இட்லி மாவு எதுல இருக்குதுன்னுகூடத் தெரியாது புள்ள"ன்னாரு. அந்த வழுக்கை மண்டையை என் மொட்டை மண்டையில சேர்த்து வெச்சுக்கிட்டேன்.

"மாத்திரை கேக்காமப் போயிருச்சுன்னா?"ன்னாரு.

"எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க"ன்னேன். இத்தனை நாளா இந்த டைரியில எழுதாததை அவருகிட்டச் சொல்லிட்டேன். ரொம்பப் பயமா இருக்குது. ஆனா ஒண்டியாப் பயந்துட்டு இருந்ததுக்கு இது பரவால்ல.

நங்கையாகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டாரு. "செவப்பு வந்துச்சுன்னு சொல்லுங்க. பொய்யில்லையே"ன்னேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வாரம் தாண்டியாச்சு. வவுறு கொஞ்சம் படுத்துது. உள்ளங்கால் செவக்குது, தெனம் டாக்டரம்மா எழுதிக் குடுத்த களிம்பைப் பூசி விடறாரு. கூசுதுன்னா, "ஆடாதே, லாரி மேடையில ஆடினா எடை தப்பும்"ங்கறாரு.

காப்பி திரும்பக் குடிக்கறாரு. ஆனா புதுசா ஒரு ரோதனை வந்துருச்சு. எதுக்கெடுத்தாலும் என்னையக் கேக்கறாரு. புடலங்காயா பீர்க்கங்காயா? ஜன்னலைத் தொறக்கட்டுமா மூடட்டுமா? இந்தச் சட்டையா அந்தச் சட்டையா? "உனக்கு என்ன வேணும் புள்ள, உனக்கு என்ன வேணும்?" காது புளிச்சுப்போச்சு. ஒருத்தரு நம்மளைக் கேட்டுட்டே இருந்தா இவ்வளவு அலுப்பா இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா பேசாம அந்த மல்லிப்பூ சொன்னபடியே விட்டிருப்பேன்.

மே 2, வியாழன்

மெர்சி டீச்சர் ஜாக்கெட் முடிஞ்சுது. கம்பை அவருதான் தராசுல போட்டுப் பார்த்தாரு. டீச்சர் போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு, கையைத் தூக்கி போர்டுல எழுதற மாதிரி எழுதிப் பார்த்தாங்க. ஸ்கூல் தொறந்ததும் போறாங்களாம். தையல் ஒரு எடத்துல லேசாக் கோணல். எனக்குத்தான் தெரியும்.

மே 17, வெள்ளி

இன்னைக்கு ஊக்கு கட்டிட்டு இருந்தேன். அவரு அடுக்களையில என்னத்தையோ உருட்டிட்டு இருந்தாரு.

"ஆ!"ன்னு கத்திட்டேன்.

கரண்டியோட ஓடி வந்தாரு. "என்ன? என்ன ஆச்சு?"

கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். நுனியில ஒரு சொட்டு ரத்தம். "ஊசி குத்திருச்சுங்க."

அவரு விரலைப் பார்த்தாரு, என் மொகத்தைப் பார்த்தாரு. "கத்தினியே. வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நெசமாவா? எவ்வளவு வலிச்சுது?"

"அட, சுரீர்னு வலிச்சுதுங்க!"

விரலைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. கண்ணுல தண்ணி, வாயெல்லாம் சிரிப்பு. "இன்னும் வலிக்குதா? இப்பவும் வலிக்குதா?"ன்னு கேட்டுட்டே இருந்தாரு. அடுக்களையில என்னமோ தீயற வாசம் வந்தப்புறம்தான் எந்திரிச்சாரு.

அங்கயிருந்து, "இட்லி தீஞ்சுபோச்சு. தோசை ஊத்தட்டுமா? உனக்கு எப்படி வேணும்?"னு சத்தம் போட்டாரு.

முறுகலா, ரெண்டுன்னு சொன்னேன்.